கண்ட்ரோல் ரூம் யார் தெருவில் இருக்கிறது?

தொலைக்காட்சி பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. ஆனால் எழுதியதெல்லாம் திரையில் தெரிவதைப் பற்றி மட்டும்தான். சீரியலில் பெண் எப்படி அழுகிறாள், காமெடியில் சேரிப் பேச்சு எப்படிக் கேலியாகிறது, விவாத மேடையில் எந்தச் சாதிக்காரர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. தேவையான எழுத்துதான். அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஒயர் போகிறது. அது போஸ்ட் மரத்தில் ஏறி, நாலு தெரு தாண்டி, யாரோ ஒருவர் வீட்டு மாடிக்குப் போகிறது. அந்த மாடியில் இருக்கிறவன்தான் நம் வீட்டில் எது தெரியும், எது தெரியாது என்று முடிவு செய்கிறான். விமர்சனம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. தலித் விமர்சனமும் இதற்கு விலக்கில்லை. பிரதியைக் கட்டவிழ்க்கத் தெரிந்த அளவுக்கு ஒயரைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

கீரனூரை வைத்துப் பேசலாம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூர் இல்லை. திண்டுக்கல் மாவட்டம், பழனி வட்டத்துக் கீரனூர். இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு கீரனூர் ஜாகிர் ராஜா வழியாக இந்த ஊர் தெரிந்திருக்கும். முஸ்லிம்களுக்கு உள்ளேயே இருக்கிற மேல் கீழை ‘மீன்காரத் தெரு’ நாவலில் எழுதியவர் அவர். ஒரே ஊர், ஒரே பேரூராட்சி, ஆனால் தெருவுக்குத் தெரு வேறு உலகம் என்பது இங்கே கதை இல்லை, நடப்பு.

கேபிள் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் தூர்தர்ஷன்தான். கொடைக்கானல் மலை மேலே ஒளிபரப்புக் கோபுரம். மூங்கில் கழியில் ஆண்டெனாவைக் கட்டி மலையைப் பார்த்துத் திருப்பினால் படம் வரும். காற்று கொஞ்சம் அடித்தால் படம் ஆடும். ஒருவன் கூரை மேல் ஏறித் திருப்ப, கீழே இருந்து “வந்துருச்சு, வந்துருச்சு, விடு” என்று கத்துவார்கள். டிவி பெட்டி வாங்கக் காசு இருந்ததா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் பஞ்சாயத்து டிவிதான், அதில் யார் திண்ணையில், யார் தரையில் என்பதும் இன்னொரு கேள்வி. ஆனால் அலைக்கு ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது. ஊர்க்காரன் ஆண்டெனாவுக்கு வந்த அதே அலை நம்ம ஆண்டெனாவுக்கும் வந்தது. நடுவில் ஆள் இல்லை.

கேபிள் வந்ததும் நடுவில் ஆள் வந்தான்.

1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் வங்காள கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அலைவரிசை பொதுச் சொத்து, அரசுக்கும் தனியாருக்கும் ஏகபோகம் கிடையாது என்றது. அறிவுஜீவிகள் எல்லாம் கொண்டாடிய தீர்ப்பு. அதே வருடம்தான் கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் வந்தது. அலைவரிசை பொதுச் சொத்து என்று கோர்ட் சொன்ன நேரத்தில், கிராமத்தில் தொலைக்காட்சி அலைவரிசையை விட்டு ஒயருக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒயர் தனிச் சொத்து. தொங்குவது மட்டும் பொதுக் கம்பத்தில். அந்தச் சட்டப்படி கேபிள் நடத்த என்ன வேண்டும்? தலைமைத் தபால் நிலையத்தில் ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துப் பதிந்தால் போதும். (2025 ஜனவரியிலிருந்துதான் இது மத்திய அமைச்சகத்தின் ஆன்லைன் பதிவுக்குப் போயிருக்கிறது.) கேட்டால் எவ்வளவு ஜனநாயகம்! யார் வேண்டுமானாலும் தபால் ஆபீசுக்குப் போகலாம். ஆனால் டிஷ் வாங்க, மாடுலேட்டர் வாங்க, ஆம்ப்ளிஃபையர் வாங்கக் கையில் பணம் வேண்டும். மொட்டை மாடி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஊர்த் தெரு வழியாக ஒயர் இழுக்க வேண்டும். ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க வேண்டும், அடுத்த வீட்டு மாடியில் ஏற வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்ன தெருவில், காலனிப் பையன் தோளில் ஒயர்ச் சுருளோடு போய் மாடியில் ஏற முடியுமா? நெல் மண்டிக்காரர், வீடியோ கடைக்காரர், கட்சிக்காரர் என்று ஊரில் ஏற்கெனவே கையூன்றி நின்றவர்களிடம்தான் தொழில் போய்ச் சேர்ந்தது. எந்தச் சட்டமும் தலித் கேபிள் நடத்தக் கூடாது என்று சொல்லவில்லை. தெரு சொன்னது.

ஒயர் காலனிக்கு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. மாதாமாதம் பணம் வருகிற இடத்துக்கு ஏன் வராது? கேபிள்காரர் காலனிக்குள் வந்து, வாசலில் நின்று, சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார். தண்ணீர் கேட்க மாட்டார். அது வேறு. ஒயர் வந்தது, கேமரா வரவில்லை என்பதுதான் விஷயம்.

கண்ட்ரோல் ரூமிலிருந்து சன், ஜெயா, ராஜ் என்று செயற்கைக்கோள் சேனல்கள் மட்டும் வருவதில்லை. லோக்கல் சேனல் என்று ஒன்று உண்டு. இந்த லோக்கல் சேனலைப் பற்றி எந்த ஆய்வாளரும் உட்கார்ந்து எழுதியதாகத் தெரியவில்லை. என்ன காட்டுவார்கள்? புதுப்படம். பழைய பாட்டு. கீழே ஓடும் எழுத்தில் நகைக்கடை, ஜவுளிக்கடை. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, எல்லாவற்றிலும் மாமன்மார் வரிசையும் குலப் பட்டமும் சேர்ந்த பெயர்கள். கோயில் கும்பாபிஷேகம் நேரடி ஒளிபரப்பு. திருவிழாக் காலத்தில் சாதிப் பெருமைப் பாட்டு. ஒரு மாதம் தொடர்ந்து பார்த்தால் அந்தப் பகுதியில் எந்தெந்தச் சாதிகள் ‘இருக்கின்றன’ என்று ஒரு கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கில் நாம் இல்லை. நம்ம வீட்டிலும் காது குத்துகிறோம், பெண் சடங்கு வைக்கிறோம், காளியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறோம். நம்ம வீட்டு டிவியிலேயே அது வராது. ஊர்க்காரன் வீட்டு விசேஷத்தைக் காலனியில் உட்கார்ந்து, மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறோம்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் ஒரு வருசம் ஏப்ரல் 14க்கு லோக்கல் சேனலில் ஒரு ஓடும் எழுத்து விளம்பரம் கொடுக்கப் போனார்கள். அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் வாழ்த்து, கீழே நாலு பெயர், அவ்வளவுதான். கேபிள்காரர் நல்லவிதமாகவே பேசினார். “தம்பி, காசு கெடக்குது விடு. நாளைக்கு ஊருக்குள்ள நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” பையன்கள் திரும்பி வந்தார்கள். இதில் அந்த ஆளை வில்லனாக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. அவருடைய ஒயர் நாலு பேர் மாடியில்தான் கட்டியிருக்கிறது.

ஏப்ரல் 14 என்றதும் இன்னொன்று. சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14. தமிழ் வருடப் பிறப்பு என்று நாள் பார்த்துத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து வருடாவருடம் அந்த நாள் நடிகர் நடிகை பேட்டிக்கும் புத்தம்புதுத் திரைப்படத்துக்கும் உரிய நாளாகிவிட்டது. அம்பேத்கர் சிலைக்குத் தலைவர்கள் மாலை போட்டது செய்தியில் அரை நிமிடம். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. வேண்டுமென்றே செய்யத் தேவையில்லாத அளவுக்கு அது இயல்பாக இருக்கிறது.

அனலாக் காலத்தில் ஒரு சேனலை ஒழிக்க அதை நிறுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பழைய டிவிப் பெட்டிகளில் முதல் பத்துப் பன்னிரண்டு சேனல்தான் துல்லியமாக விழும். அதற்கு மேல் உள்ள அலைவரிசையில் தள்ளிவிட்டால் புள்ளி புள்ளியாக, கொசு பறக்கிற மாதிரி தெரியும். சத்தம் இரையும். பார்க்கிறவர் தானாகவே விட்டுவிடுவார். கேட்டால் “சேனல் வந்துக்கிட்டுதானே இருக்கு, உங்க டிவிதான் பழசு” என்று பதில் வரும். இந்தத் தந்திரம் டெல்லிக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் 1995 சட்டத்தின் 8ஆம் பிரிவில் தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்ட வேண்டும், அதுவும் முதன்மை அலைவரிசையில் காட்ட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அரசு தன் சேனலுக்கு இட ஒதுக்கீடு வாங்கிக்கொண்டது. இட ஒதுக்கீடு என்றால் முகம் சுளிக்கிற யாரும் இதைத் தகுதிக்குக் கேடு என்று சொல்லவில்லை.

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு புள்ளி போய்விட்டது, எண் வந்துவிட்டது. செய்தி சேனல்கள் வரிசையாக இருக்கிற இடத்திலிருந்து ஒன்றை மட்டும் உருவி எங்கோ பின்னால் வைத்தால் போதும். 2018 ஜூனில் கோவையில் நடந்த விவாத நிகழ்ச்சிக்குப் பிறகு புதிய தலைமுறை மீது வழக்குப் போட்டார்கள். அரசு கேபிளில் அதன் எண் பின்னால் தள்ளப்பட்டது. பத்திரிகையாளர்கள் கண்டித்தார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் சேனலுக்கே இந்த நிலைமை என்றால் மற்றவர்கள் எங்கே?

இந்த அரசு கேபிள் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் தொலைக்காட்சி அரசியல் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இதைக் குடும்பச் சண்டையாகவே பேசி முடித்துவிடுகிறார்கள். 2000த்துக்குப் பிறகு சுமங்கலி கேபிள் விஷன் பெருநகரங்களில் விநியோகத்தைக் கையில் வைத்திருந்தது. சேனலும் அவர்களுடையது, சேனல் போகிற குழாயும் அவர்களுடையது. 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு கேபிள் நிறுவனங்களைக் கையகப்படுத்தச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. அந்த வருடம் ஆட்சி மாறியது. இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொடுக்கப்பட்டன. காலனி முழுக்க டிவி வந்தது அப்போதுதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்தவன் வீட்டு ஜன்னல் ஓரம் நின்று, “போங்கடா” என்று விரட்டப்பட்ட பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டில் டிவி என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பெட்டி இலவசம், ஒயர் இலவசமில்லை. ஒன்றரைக் கோடிப் பெட்டியும் ஒயரைத் தேடித்தான் போக வேண்டும். அரசாங்கக் கஜானாவிலிருந்து பெட்டியை வாங்கிக் கொடுத்து, கேபிள் முதலாளிகளுக்குப் புதுச் சந்தாதாரர்களைச் சேர்த்துக் கொடுத்த திட்டம் அது.

2007 மே 9இல் மதுரையில் தினகரன் அலுவலகம் எரிக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் செத்தார்கள். குடும்பம் பிரிந்தது. அந்தச் செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது. அதே வருடம் அரசு கேபிள் டிவி கழகம் உருவானது. மதுரையில் மு.க. அழகிரி தரப்பில் ராயல் கேபிள் விஷன் வந்தது. 2008 டிசம்பரில் குடும்பம் சேர்ந்தது. அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011 செப்டம்பர் 2இல் ஜெயலலிதா அதைத் தூசி தட்டி எடுத்து மாதம் 70 ரூபாய் என்று அறிவித்தார். தொடங்கியபோது அதில் சன் குழுமத்தின் சேனல்கள் இல்லை. ஆக, கீரனூர்க் காலனியில் நூறு நாள் வேலை முடிந்து வந்து உட்காருகிற ஒரு அக்காவுக்கு எந்த சேனல் தெரிகிறது என்பது, கோபாலபுரத்திலும் போயஸ் தோட்டத்திலும் அன்றைக்கு யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. 70 ரூபாய்க்குக் கிடைத்தது நல்லதுதான். நூற்றைம்பது கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளுக்கு அது ஆறுதல். ஆனால் அந்த 70 ரூபாய் ஆட்சியிலும் ஒயரை மாடியில் கட்டியிருந்தவர் அதே கேபிள்காரர்தான். அரசு கேபிளில் லோக்கல் சேனலுக்கான இடம் ஒப்பந்தப்புள்ளி கேட்டுக் கொடுக்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி என்றால் என்ன, யார் எடுப்பார்கள் என்று மீன் குட்டை ஏலத்தையும் புளியமர ஏலத்தையும் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாநில அரசுகள் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. ஆனாலும் 2017 ஏப்ரலில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. 2022 அக்டோபரில் மத்திய அமைச்சகம் மறுபடியும், 2023 முடிவதற்குள் மாநில அரசுகள் விநியோகத்திலிருந்து விலக வேண்டும் என்று அறிவுரை அனுப்பியது. மாநில உரிமை பேசுகிறவர்கள் இதை எதிர்த்தார்கள், சந்தைச் சுதந்திரம் பேசுகிறவர்கள் ஆதரித்தார்கள். டெல்லியா கோட்டையா தனியாரா என்று மூன்று பேர் இழுக்கிற கயிற்றில் நாம் எந்த முனையைப் பிடிப்பது? இந்த மூன்றில் எதுவும் காலனிக்குக் கேமராவை அனுப்பியதில்லை. நான் எந்த முனையையும் பிடிக்கத் தயாரில்லை.

இப்போது காசுக் கணக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘நமக்கென்று ஒரு சேனல்’ என்று மேடையில் முழங்குவதில் பொருளில்லை. பெரிய சேனல், பார்க்கிறவர்களிடமிருந்து கேபிள் நிறுவனம் வழியாகக் கட்டணம் வாங்குகிறது. சின்ன சேனல், தன்னைக் காட்டச் சொல்லிக் கேபிள் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுக்கிறது. பெரியவன் காசு வாங்கிக்கொண்டு வந்து உட்காருவான். சின்னவன் காசு கொடுத்து நிற்க வேண்டும். டிராய் 2017இல் கொண்டுவந்து 2019இல் முழுதாக நடைமுறைக்கு வந்த விதிகளில் இதற்கு ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். சாதாரண சேனலுக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசா. பார்க்கிறவர்கள் கூடக்கூட இது குறையும். நூற்றுக்கு இருபது வீட்டுக்கு மேல் வாங்கினால் ஒன்றுமே கிடையாது. அதாவது, யாரும் இன்னும் பார்க்காத சேனல்தான் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். 20 பைசா கேட்கச் சின்னதாக இருக்கிறது. 20 லட்சம் இணைப்பு உள்ள ஒரு நிறுவனத்துக்கு மாதம் 4 லட்சம், வருடம் 48 லட்சம். ஒரே ஒரு நிறுவனத்துக்கு. 2020இல் மாதம் 4 லட்சத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று திருத்தினார்கள். விடுதலைச் சிறுத்தைகள் சார்பில் வெளிச்சம் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபோது எத்தனை பேர் சந்தோஷப்பட்டோம்! செயற்கைக்கோளில் ஏறுவது பாதி வேலைகூட இல்லை. அங்கிருந்து நம் வீட்டுக்கு இறங்குகிற ஒவ்வொரு படியிலும் ஒருவன் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தேர்தல் நேரத்தில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் இதைக் கேட்டதே இல்லை.

அதே 2020 திருத்தத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கேபிள் நிறுவனம் தன் ‘இலக்குச் சந்தை’ எது என்று அறிவிக்க வேண்டும், அது ஒரு மாநிலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது. அதற்கு முன்னால் நிறுவனங்கள் நாட்டையே ஒரே சந்தையாகக் காட்டி, ஒரு தமிழ் சேனலிடம் பீகார் சந்தாதாரருக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்க வழி இருந்தது. எல்லை எங்கே போடுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் நீல்சன் என்கிற கணக்கெடுப்பு நிறுவனம் நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே டிஷ் நிறுவனங்கள், ஒருவர் வீடு எந்தச் சந்தைக்குள் விழுகிறதோ அந்தச் சந்தையின் உள்ளூர் சேனல்களையே கொடுக்கும். 1999இல் ஒரு சட்டம் போட்டு, ஒரு சந்தையில் ஒரு உள்ளூர் சேனலைக் காட்டினால் கேட்கிற மற்ற உள்ளூர் சேனல்களையும் காட்டியாக வேண்டும் என்றார்கள். மாநில எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் பக்கத்து மாநிலச் செய்தியைப் பார்த்துக்கொண்டு, தங்கள் கவர்னர் யார் என்றே தெரியாமல் கிடக்கிறார்கள் என்ற புகார் அங்கேயும் உண்டு. ஆனாலும் உள்ளூர் என்பது ஒரு உரிமை என்று அந்தச் சட்டத்தில் ஏறியிருக்கிறது. இங்கே டிஷ்காரர்களுக்கு உள்ளூர் என்ற ஒன்றே கிடையாது. ஒரே பீம், காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் சேர்த்து விழுகிறது. அதில் திண்டுக்கல் எங்கே, பழனி எங்கே?

ஆனாலும் காலனியில் டிஷ் நிறைய ஏறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குடிசை மேல்கூட ஒரு தட்டு இருக்கும். இதை நுகர்வு வெறி என்று எழுதினவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயம், டிஷ் வாங்கினால் கேபிள்காரர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. ஊரோடு தகராறு என்றால் முதலில் வெட்டப்படுவது டீக்கடை, அடுத்தது கேபிள் என்று பயந்து இருந்த சனங்கள் இவர்கள். டிஷ்ஷுக்கு நடுவில் ஆள் இல்லை, மறுபடியும் ஆண்டெனா காலத்து மாதிரி. அந்த விடுதலைக்கு விலையாக உள்ளூரை இழக்க வேண்டும். தூர்தர்ஷனின் இலவச டிஷ் வாங்கினால் மாதச் சந்தாவே இல்லை. ஆனால் அதில் தனியார் சேனல்களுக்கான இடங்கள் கோடிக்கணக்கில் ஏலம் போகின்றன, பெரும்பாலும் இந்திக்காரர்களுக்கு.

திண்டுக்கல் மாவட்டம் 1985இல் மதுரையிலிருந்து பிரிந்தது. திருப்பூர் மாவட்டம் 2009இல் வந்தது. கீரனூர்க்காரன் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பழனிக்கோ தாராபுரத்துக்கோ போவான். பெண் எடுப்பதும் கொடுப்பதும் உடுமலை, மடத்துக்குளம் பக்கம் வரை நீளும். மாவட்ட எல்லை நடுவில் ஓடுகிறது. 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு முன்னால் சங்கரை வெட்டினார்கள். சங்கர் குமரலிங்கத்துக்காரர், கௌசல்யா பழனி. நம்ம கூப்பிடு தூரத்தில் நடந்தது. அதை இந்தியா முழுக்கப் பார்த்தது. ஏனென்றால் அங்கே கடைக் கண்காணிப்புக் கேமரா இருந்தது. ஒரு லோக்கல் சேனல் கேமராவும் அதற்கு முன்னால் அந்த இருவர் வாழ்க்கையின் பக்கம் திரும்பியிருக்காது. பிணம் விழுந்தால் நாம் தேசியச் செய்தி. விழாதவரை உள்ளூர்ச் செய்திகூட இல்லை. அந்த எட்டு மாதக் கல்யாண வாழ்க்கையில் மிரட்டல்கள் இருந்தன என்பதெல்லாம் பிறகு வழக்கில் வந்தது. உள்ளூர்ச் செய்தி என்று ஒன்று உண்மையாகவே இருந்திருந்தால் அது முதலிலேயே வந்திருக்க வேண்டியது.

கேமரா திரும்பாததற்குக் காரணம் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதும்தான். 1996இல் பி.என். உனியால் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதினார். 2006இல் டெல்லியின் 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தபோது தலித்தோ பழங்குடியோ ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம், நியூஸ்லாண்ட்ரி ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர். பட்டியல் சாதியினர் எவரும் இல்லை. இவையெல்லாம் டெல்லிக் கணக்கு. கண்ட்ரோல் ரூம் கணக்கை இதுவரை யாரும் எடுக்கவில்லை. நம் மாணவர்கள் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். ஒரு மாவட்டத்தின் கேபிள் ஆபரேட்டர்கள் எந்தெந்தச் சாதி, எந்தெந்தத் தெரு என்று எடுத்தால் போதும்.

“இப்போ யாருங்க டிவி பாக்குறா, எல்லாம் யூட்யூப்தானே” என்று இளைஞர்கள் கேட்பார்கள். தலித் கேமரா, நீலம் சோசியல் போன்றவை செய்தது பெரிய வேலை. தெருவின் சம்மதம் கேட்காமல் நம்ம முகத்தைக் காட்ட முடியும் என்று காட்டினார்கள். ஆனால் யூட்யூபில் நம்மைப் பார்ப்பது பெரும்பாலும் நம்மவர்களும் நம்மைத் திட்டுகிறவர்களும். லோக்கல் சேனலின் குணம் வேறு. அங்கே ஊரும் காலனியும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்க்கிறது. ஊர்க்காரன் வீட்டுக் கூடத்தில், அவன் தேடாமலேயே, அம்பேத்கர் படம் ஓடுவது என்பது செல்போனில் நாம் நமக்குள் அனுப்பிக்கொள்வதைப் போன்றது இல்லை. அதனால்தான் அந்த ஓடும் எழுத்து விளம்பரத்துக்கு அவ்வளவு பயம்.

2022 நவம்பர் 30இல் மத்திய அமைச்சகம் இந்த லோக்கல் சேனல்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கேபிள் நிறுவனம் தன் மொத்த சேனல்களில் 5 சதவீதம் வரை சொந்தமாக நடத்தலாம். அதற்கு மேல் மாவட்டத்துக்கு இரண்டு சேனல் உள்ளூர் விஷயங்களுக்கென்று நடத்தலாம். பதிவுக் கட்டணம் ஒரு சேனலுக்கு 1,000 ரூபாய். மாவட்டத்துக்கு இரண்டு என்று எழுதியவர்களுக்கு மாவட்டத்துக்குள் இரண்டு உலகம் இருக்கிறது என்பது தெரிந்ததோ தெரியவில்லையோ. அதில் ஒன்றைக் கேட்கலாம் என்று ஒரு தோழர் சொன்னார். கேட்கலாம். ஆனால் 1892இல் வந்த பஞ்சமி நிலம் நினைவிருக்க வேண்டும். தாள் நம்ம பேரில், உழுகிறவன் வேறு ஆள். ரிசர்வ் பஞ்சாயத்தில் தலைவர் நாற்காலியில் நம்மவர், கையெழுத்து எங்கே போடுவது என்று சொல்கிறவர் வேறு ஆள். மேலவளவில் அதைத் தாண்டி நிமிர்ந்ததற்கு 1997இல் ஆறு பேரை வெட்டினார்கள். சேனலை நம் பெயரில் வாங்கி, கண்ட்ரோல் ரூம் அதே மாடியில் இருந்தால் இன்னொரு பஞ்சமி நிலம்தான் மிஞ்சும். ஒயரும் மாடியும் நம் கையில் வரவேண்டும், அல்லது பேரூராட்சிக் கட்டடத்தில் பொதுவில் இருக்க வேண்டும். இதைச் செய்ய முடியாத காரியம் என்று நான் நினைக்கவில்லை. பொதுக் கிணறும் ஒரு காலத்தில் முடியாத காரியமாகத்தான் இருந்தது.

அதுவரை கையில் இருக்கிற ஒன்றைப் பயன்படுத்தலாம். 2005இல் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கேபிள் டிவியைக் கண்காணிக்க ஒரு குழு இருக்க வேண்டும். கலெக்டர் தலைவர். எஸ்.பி., செய்தி மக்கள் தொடர்பு அலுவலர், ஒரு மகளிர் கல்லூரி முதல்வர், குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனம் ஒன்று, பெண்கள் நலத் தொண்டு நிறுவனம் ஒன்று, கல்வியாளர், உளவியலாளர், சமூகவியலாளர் உறுப்பினர்கள். தலித் பிரதிநிதி என்று ஒரு இடம் அதில் எழுதப்படவே இல்லை. ஆனால் சமூகவியலாளர் இடமும் பெண்கள் அமைப்பு இடமும் கலெக்டர் நியமிப்பதுதான். நம்மவரை நியமிக்கக் கூடாது என்றும் எழுதவில்லை. உள்ளூர்ச் செய்திகள் நடுநிலையோடு, எந்தச் சமூகத்தையும் புண்படுத்தாமல், தூண்டிவிடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது இந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. சாதிப் பெருமைப் பாட்டு ஓடுகிற லோக்கல் சேனலைத் தேதி, நேரம் போட்டு இரண்டு வாரம் குறித்து வைத்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். அதற்கு முன்னால், திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, உறுப்பினர்கள் யார் யார், எத்தனை புகார் வந்தது என்ற மூன்று கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிப் போட வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட மறந்துவிடக் கூடாது. அதைச் சொல்லியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.